இறங்கிய இடத்திலிருந்து வீடு வரை

நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்த அந்த ஜீப்பை நான் வாங்கியபோது அதற்கு முன்கண்ணாடி இல்லை, இடது கதவு இல்லை, புத்தகமும் இல்லை. வாகனத்தின் பதிவுப் பத்திரத்தைத்தான் நாங்கள் புத்தகம் என்போம். அது இல்லாத வண்டிகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. யுத்த காலத்தில் கைமாறியவை, விட்டுவிட்டுப் போனவை, விட்டதை எடுத்தவரிடம் இன்னொருவர் எடுத்தவை. கண்ணாடியும் கதவும் தேடினால் கிடைக்கும். புத்தகத்தைப் பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன். எதையும் ஒழுங்குப்படி செய்கிற நான் அதை மட்டும் ஏன் பின்னுக்கு வைத்தேன் என்று தெரியவில்லை. வண்டியின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்துவிட்டது.

“பள்ளத்துக்கை விழுந்தாலும் தானே ஏறி வரும் அண்ணை,” என்றார் விற்ற தோட்டக்காரர். “பிறேக்தான் கொஞ்சம் யோசிச்சுப் பிடிக்கும்.”

“எவ்வளவு நேரம் யோசிக்கும்?”

“அது முன்னாலை நிக்கிறது மாடோ மதிலோ எண்டதைப் பொறுத்தது.”

நான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் படம் வரைகிறவன். வாய்க்கால், மதகு, சிறு பாலம் எல்லாம் முதலில் என் மேசையில் தாளில்தான் பிறக்கும். கட்டுவது வேறு ஆட்கள். ஒரு பொருளை என் கையாலேயே முழுதாகப் பிரித்து முழுதாகப் பூட்டிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் பல வருடங்களாக இருந்தது. பிள்ளைகள் இருவரும் வெளிநாடு போனபின் வீட்டுப் பக்கத்தில் கூரை சாய்த்து இறக்கிய பத்தி வெறுமையாகக் கிடந்தது. அதற்கு முன் நான் ஒரு சைக்கிளைக்கூடப் பிரித்தவன் இல்லை.

இஞ்சின் அன்று பிடிக்க மறுத்ததால் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து, தெல்லிப்பழையில் எங்கள் படலைக்குள் ஜீப்பைக் கொண்டுவந்தபோது மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“இது ஓடுமோ?”

“ஓடப்பண்ணலாம்.”

“ஊரிலை எல்லாரும் இந்த வயசிலை கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடுகினம். நீங்கள் கிறீஸிலை ஆடப் போறியள்.”

அப்படித்தான் ஆனது. சனி, ஞாயிறுகளிலும் அலுவலகம் விட்டு வந்த மாலைகளிலும் வண்டிக்குக் கீழே கிடந்தேன். அந்த வகை ஜீப்பின் கையேடு ஒன்றை ஒரு நண்பர் அச்செடுத்து அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பாகமும் அதில் பிரித்து வரையப்பட்டிருந்தது. நல்ல வரைபடங்கள், கோட்டின் தடிப்பிலேயே எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது என்று தெரியும். அவற்றைப் பார்த்த முதல் மாலையிலேயே எனக்கு நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். கையேட்டில் உள்ளது எல்லாம் வண்டியில் இருக்கவேண்டும். கையேட்டில் இல்லாதது எதுவும் இருக்கக்கூடாது.

இல்லாதவைதான் அதிகமாக இருந்தன. பெற்றோல் வராத ஆண்டுகளில் இங்கே வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த இஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஆகவே ஆஸ்பத்திரியில் கழித்த சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, போனற்றுக்குள் தொங்கவிட்டு, அதில் ஸ்டார்ட் செய்வார்கள். சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவார்கள். என் ஜீப்பிலும் அந்தப் போத்தலைத் தொங்கவிடும் கம்பி இருந்தது. இருக்கைக்குக் கீழே ஒரு தகர மண்ணெண்ணெய்த் தாங்கி இருந்தது. புகைக்குழாய் தண்ணீர்க் குழாயில் செய்தது. ஒரு பிறேக் குழாயை யாரோ சைக்கிள் ரியூப்பால் சுற்றியிருந்தார்கள். அதனால்தான் அது அவ்வளவு யோசித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். என்னை விட நாலைந்து வயது இளையவர். போனற்றைத் திறந்ததும் கம்பியைக் கண்டு சிரித்தார்.

“உதுக்கும் ஒருக்கால் காய்ச்சல் வந்திருக்கு, அண்ணை. சேலைன் ஏத்தியிருக்கினம்.”

“எல்லாத்தையும் வெட்டோணும்.”

“வெட்டுவம். எங்கடை அண்ணையின்ரை மோட்டச்சைக்கிள் சென்ற் போத்தலிலை பெற்றோல் விட்டு அடிச்சால்தான் ஸ்டார்ட் வரும். பொம்பிளையளுக்கு இல்லாத சென்ற் அதுக்கு.”

வெட்டினோம். கம்பி, தாங்கி, அதன் கால்கள், மேலதிகமாகப் போட்டிருந்த இரும்புப் பட்டைகள் எல்லாம் போயின. வண்டியின் பின்புறம், சட்டத்துக்குக் கீழே, இரண்டு கம்பிகளில் தொங்குகிற மாதிரி ஒரு இரும்புத் தகடு ஒட்டியிருந்தது. அகலம் ஒரு சாண் இருக்கும். கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதில் அப்படி ஒன்று இல்லை.

“இது என்னத்துக்கு?”

அவர் குனிந்து பார்த்தார். “மண்ணெண்ணை பரல் வைக்கிறதுக்காயிருக்கும். அந்தக் காலத்து வேலைதான்.”

“வெட்டுங்கோ.”

அவர் வெட்டினார். சுத்தியலால் தட்டியதும் விழுந்தது. தூக்கி மற்ற இரும்புகளோடு எறியும்போது அதன் ஓரம் கையை வெட்டவில்லை என்பதைக் கவனித்தேன். அரத்தால் அராவி நன்றாக மழுக்கியிருந்தது. கவனித்தேன், அவ்வளவுதான். ஒட்டியிருந்த இடத்தில் தழும்பு தெரியக்கூடாது என்று அவருக்குப் பக்கத்தில் நின்று, கிரைண்டரால் மட்டமாகும்வரை தேய்ப்பித்தேன். பழைய இரும்பெல்லாம் அவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் போனது.

வண்டியின் மேல் தோட்டக்காரரின் நீல நிறம் இருந்தது. அதற்குக் கீழே மண்ணிறம். அதைப் பூசியவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லவும் ஆளில்லை. முன்பலகையைக் கழற்றியபோது அதன் பின்பக்கத்தில் வெயில் படாத கரும்பச்சை கிடைத்தது. அந்த நிறத்தைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டி, அதே மாதிரி வரும்வரை கலக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை வந்தது. இஞ்சின் முதல் தடவை பிடித்த அன்று மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்து, நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு வாளி தண்ணீருடன் நின்றாள். அது ஓடுகிறது என்று விளங்கியதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அன்று நாங்கள் இருவரும் மகிழ்ச்சியாக இருந்தோம்.

அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் தேடினேன்.

பதிவிலுள்ள சொந்தக்காரர் கையெழுத்து வைக்காமல் வண்டி என் பேருக்கு மாறாது. என் பேருக்கு மாறாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. அதில்லாமல் தெருவில் இறக்க முடியாது. இலக்கத்தைக் கொடுத்து விசாரித்ததில் பதிவிலிருந்த பேர் ஒரு முஸ்லிம் பேர். விலாசம் யாழ்ப்பாணப் பட்டணத்தில், அவர்கள் வாழ்ந்த தெருக்களில் ஒன்று. அந்தப் பேரைப் படித்ததும் வண்டி எப்படிக் கைமாறியிருக்கும் என்று எனக்குச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. தொண்ணூறாம் ஆண்டில் அந்தத் தெருக்களில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கத்தார் துவக்கோடு வந்து இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். நான் அப்போது இதே குடாநாட்டில்தான் இருந்தேன். கேள்விப்பட்டோம்.

விலாசத்தைத் தேடிப் போனேன். தெருவில் சில வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. சிலவற்றின் சுவருக்குள் ஆலமரம் வளர்ந்திருந்தது. பூட்டு, கீல், கொண்டி விற்கிற ஒரு சின்னக் கடையில் விசாரித்தேன். உள்ளே என் வயதுக்காரர் ஒருவர், நரைத்த குறுந்தாடியோடு இருந்தார்.

“நானா, இந்தப் பேரிலை ஒருத்தர் முந்தி இஞ்சை இருந்தவரோ?”

பேர் எழுதியிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். “என்ரை வாப்பா. மௌத்தாகிக் கனகாலம். ஏன் கேக்கிறியள்?”

“அவற்றை பேரிலை ஒரு ஜீப்...”

நான் முடிக்கவில்லை. அவர் வண்டியின் இலக்கத்தைச் சொன்னார். அந்தத் தாளில் இலக்கம் எழுதியிருக்கவில்லை.

“எங்கை கிடந்தது?” என்றார்.

“நீர்வேலியிலை. வாழைக்குலை ஏத்திக்கொண்டு நிண்டது.”

“வாழைக்குலை,” என்றார் அவர். “பறவாயில்லை. சாப்பாட்டுச் சாமான்தானே.”

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். அன்றைய நாளை அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. தந்தை வண்டியை ஓட்டினார். பின்னால் தாய், தங்கைகள், அயல் வீட்டுக் குழந்தைகள், ஒரு தையல் மெஷின். தையல் மெஷினை முதல் சந்தியிலேயே இறக்கிவைக்கச் சொன்னார்கள். நாவற்குழிப் பாலம் தாண்டியதும் வாகனங்களையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். துவக்கோடு நின்றவன் சாவிக்காகக் கையை நீட்டினான்.

“வாப்பா கையிலை குடுக்கேல்லை அண்ணை. சீற்றிலை வைச்சிட்டு இறங்கினார். அது ஒண்டுதான் அவராலை செய்யக்கூடியதாயிருந்தது.”

பிறகு நடை; பிறகு யாருடையவோ லொறி; பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில். தந்தை அங்கேயே அடக்கம். சண்டை முடிந்தபின் இவர் மட்டும் குடும்பத்தோடு திரும்பி வந்து, பழைய வளவில் இரண்டு அறை கட்டிக் கடை வைத்திருக்கிறார். தாய் இன்னும் புத்தளத்தில், மகளோடு.

கையெழுத்து விஷயத்தை நான் சொன்னேன். அவர் தொலைபேசியை எடுத்துத் தாயைக் கூப்பிட்டு, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தம் கூடுதலாக வைத்தார். எனக்கும் கேட்டது.

“உம்மா, வாப்பான்ரை ஜீப்பைக் கண்டுபிடிச்சாச்சு.”

“ஓடுதோ?” என்றது மறுபக்கத்துக் குரல்.

“ஓடுதாம். ஒரு ஐயா வாங்கித் திருத்தி வைச்சிருக்கிறார். நாங்கள் கையெழுத்து வைக்கோணுமாம்.”

“வை. அவரும் காசு குடுத்துத்தானே வாங்கியிருப்பார். ஆனா அதுக்கு முதல் எங்களை இறக்கின இடத்திலையிருந்து என்னை ஏத்திக்கொண்டந்து வீட்டை விடச் சொல்லு.”

“உம்மா, நீங்கள் வாறதெண்டால் வான் பிடிச்சு...”

“வானிலை வாறதுக்கு நான் முந்தியே வந்திருப்பனே. வண்டியோடை போனம். வண்டியோடை வாறன். கேட்டுச் சொல்லு.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். “எழுபத்தெட்டு வயசு அண்ணை. வீடு கட்டி இவ்வளவு வருசம், ஒருக்காலும் வரமாட்டன் எண்டுதான் நிண்டவ. இப்ப இப்பிடிக் கேக்கிறா.”

“நான் கொண்டந்து விடுறன்,” என்றேன்.

அந்த அம்மா வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நான் பின்பக்கத்து நீள இருக்கை வாங்குகளுக்குப் புது மெத்தை தைப்பித்தேன். பிறேக்கை மறுபடியும் கழற்றிப் பூட்டினேன். கதவு கையேட்டில் சொன்ன இடைவெளியோடு சாத்துகிறதா என்று அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்தேன். மனைவி வாங்கில் போட ஒரு வெள்ளைத் துணி தோய்த்து வைத்தாள். “வயசுபோன மனிசி. ரெக்சின் சுடும்,” என்றாள்.

அனுமதிப்பத்திரம் இல்லாத வண்டியை நான் தெருவில் ஓட்டியது அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, பொலிஸ் குறைவாக நிற்கிற நேரம் பார்த்துப் போனேன். பாலம் தாண்டி, அவர் சொன்ன இடத்தில் தெருவோரமாக நிறுத்தினேன். இரண்டு பக்கமும் உவர் வெளி. தண்ணீர் குறைந்த இடங்களில் கொக்குகள் நின்றன. எந்த அடையாளமும் இல்லாத இடம். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன்.

தாயும் மகனும் புத்தளம் பஸ்ஸிலிருந்து முந்தின சந்தியில் இறங்கி, ஓட்டோவில் வந்தார்கள். மெலிந்த, உயரமான அம்மா. வெள்ளைச் சேலையால் தலையை மூடியிருந்தார். மகன் கையைப் பிடிக்கப் போனபோது தட்டிவிட்டு, தானே இறங்கி வந்தார். முதலில் வண்டியின் முகப்பைப் பார்த்தார். போனற்றில் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் அது சுட்டிருக்கும், எடுக்கவில்லை.

“நிறம் சரி,” என்றார் மகனிடம். “வாப்பா இந்தப் பச்சையைத்தான் நாவலிலைப் பச்சை எண்டு சொல்லுவார்.” பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, நல்லாச் செய்திருக்கிறியள்.”

“ஏறுங்கோ அம்மா. முன்னுக்கு இருக்கலாம்.”

“முன்னுக்கு எப்பவும் இவன்ரை வாப்பாதான். நான் பின்னுக்கு.”

வண்டியின் பின்புறம் போனார். நான் பின்கதவை இறக்கிவிட்டேன். அவர் இடது கையால் தூணைப் பிடித்தார். வலது கையால் சேலையைக் கொஞ்சம் தூக்கினார். கீழே பார்க்காமல் வலது காலை உயர்த்தி, முன்னே வைத்தார். கால் ஒன்றிலும் படவில்லை. இறக்கினார். இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாக மறுபடியும் உயர்த்தி வைத்தார். செருப்பின் நுனி வெறும் காற்றில் எதையோ தேடியது.

அப்போது எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தகட்டின் ஓரம் ஏன் மழுக்கியிருந்தது என்று விளங்கியது. சேலை பிடிபடாமல் இருக்க. எங்கள் மண்ணெண்ணெய்க் காலத்து வேலைகளில் யாரும் உட்கார்ந்து ஓரம் அராவியதில்லை. எல்லாம் அன்றைக்கு ஓடினால் போதும் என்று செய்தவை. அந்தக் காலத்தில் வாழ்ந்த எங்களுக்கு வண்டியில் எங்கே ஒரு ஒட்டு இரும்பைக் கண்டாலும் அந்தக் காலம்தான் ஞாபகம் வரும். அதற்கு முன்னாலும் ஒருவர் ஒரு காரணத்துக்காக ஒரு இரும்பை ஒட்டியிருப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை, வெட்டியவருக்கும் தோன்றவில்லை.

அம்மா குனிந்து கீழே பார்த்தார்.

“படி எங்கை?”

மகன் என்னைப் பார்த்தார்.

“படி ஒண்டு இருக்கோணும்,” என்றார் அம்மா, மகனுக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி. “உன்ரை சின்னத் தங்கச்சி வயித்திலை இருக்கேக்கை எனக்கு ஏற ஏலாமல் போச்சு. அப்ப வாப்பா தன்ரை இரும்புக் கடையிலையே செய்விச்சவர். தானே அராவினவர்.”

“உம்மா, நான் தூக்கி ஏத்திவிடுறன்...”

“பொறு.” அவர் கையால் சட்டத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். நான் மட்டமாகத் தேய்ப்பித்து, பூச்சடித்து வைத்திருந்த இடம். விரல்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போய் வந்தன. நிமிர்ந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த துக்கம் இல்லை. ஏதோ ஒரு கணக்குச் சரிவந்த மாதிரி அமைதியாக இருந்தார்.

“இது எங்கடையில்லை,” என்றார்.

“நம்பர் அதுதானே உம்மா.”

“நம்பரை ஆரும் எழுதலாம். படி இருந்து கழண்டால் அடையாளம் இருக்காதோ? ஒண்டுமில்லை. இதிலை ஒருநாளும் படி இருக்கேல்லை.”

“அம்மா,” என்று தொடங்கினேன். “அது நான்...”

மகன் என் முழங்கைக்கு மேல் பிடித்தார். இறுக்கமாகப் பிடித்தார். என் முகத்தைப் பார்க்காமல், தாயையே பார்த்துக்கொண்டு பிடித்தார். நான் நிறுத்தினேன்.

அம்மா என்னிடம் வந்தார். “குறை நினையாதேங்கோ தம்பி. நல்ல வண்டி. எங்கடை மாதிரியேதான் இருக்கு. ஆனா எங்கடையில்லை. அதை ஆரோ நல்லா வைச்சிருப்பினம்.”

ஓட்டோக்காரர் தெருவின் மறுபக்கத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு அதில் ஏறி உட்கார்ந்தார். அப்படித்தான் அவர் வீட்டுக்குப் போனார்.

நான் திரும்பி வந்தபோது மனைவி படலையடியில் நின்றாள்.

“வந்தவவோ?”

“வந்தவ.”

“ஏறினவவோ?”

நான் சொன்னேன். அவள் வாங்கில் விரித்திருந்த துணியை எடுத்து மடித்தாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வெல்டிங்காரரிடம் போனேன். பழைய இரும்பு லொறிக்குக் கொடுத்து மாதங்கள் ஆகிவிட்டன என்றார். லொறி வைத்திருப்பவரைத் தேடிப் போனேன். அது உருக்கப் போயிருக்கும் என்றார். புதிதாக ஒன்று செய்யலாம் என்று தாளை எடுத்து வரைய உட்கார்ந்தேன். எந்த உயரத்தில் இருந்தது, நடுவிலிருந்து எவ்வளவு இடப்பக்கம், கம்பி எந்தச் சாய்வு என்று ஒன்றும் என்னிடம் இல்லை. தழும்பாவது இருந்திருந்தால் அளந்திருப்பேன். நான் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் அளந்தவன். வேண்டாதது என்று நினைத்தவற்றை மட்டும் அளக்கவில்லை.

அந்தக் கிழமை முடிவதற்குள் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்தியில் நின்ற வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. மேசையில் இருந்து, மாற்றப் பத்திரங்களில் வாரிசு என்ற இடத்தில் கையெழுத்து வைத்தார்.

“அம்மா இல்லையெண்டவ. நீங்கள் எப்பிடி வைக்கிறியள்?” என்றேன்.

“நான் அதிலைதான் ஓடப் பழகினது, அண்ணை. கியர்த் தடியைக் கண்டாலே தெரியும்.”

“நான் வெட்டினதெண்டு அம்மாவுக்குச் சொல்லட்டோ? வந்து மன்னிப்புக் கேக்கிறன்.”

அவர் பேனையை மூடி வைத்தார். “இப்ப அவவுக்கு வாப்பான்ரை ஜீப் எங்கையோ ஓடிக்கொண்டிருக்கு. நீங்கள் சொன்னா அது வெட்டுப்பட்டுப் போகும்.”

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்தார். எழும்பும்போதுதான் கேட்டார்.

“ஒரு உதவி. உம்மா இனி இஞ்சைதான் இருக்கப்போறாவாம். புத்தளத்துக்குப் போகமாட்டன் எண்டுட்டா. வாசல்லை கதிரை போட்டு இருப்பா. எங்கடை ரோட்டாலை மட்டும் இதைக் கொண்டராதேங்கோ. ஒருக்கால் பாத்து இல்லையெண்டுட்டா. திரும்பத் திரும்பப் பாத்தா யோசிக்கத் தொடங்கிடுவா.”

“கொண்டரமாட்டன்,” என்றேன்.

வண்டி என் பேருக்கு மாறியது. அனுமதிப்பத்திரம் கண்ணாடியில் ஒட்டினேன். மனைவியும் நானும் அதில் கோயில்களுக்குப் போனோம், கலியாணங்களுக்குப் போனோம். கண்டவர்கள் நிறுத்தி விசாரித்தார்கள், படம் எடுத்தார்கள், புதுசு மாதிரி இருக்கிறது என்றார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் மனைவி மறுபக்கம் பார்த்துக்கொள்வாள். பட்டணத்துக்குப் போனால், அந்தத் தெருவுக்கும் அதற்குப் பக்கத்துத் தெருக்களுக்கும் வெகு தூரத்திலேயே வண்டியை விட்டுவிட்டு நடப்பேன். மழை பெய்தாலும் நடப்பேன். மனைவி குடையோடு கூட வருவாள்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படி இருந்தோம். ஒரு நாள் காலை, அலுவலகத்துக்கு வெளிக்கிடும் நேரம், தொலைபேசி வந்தது.

“உம்மா மௌத்து, அண்ணை. முந்தாநாள். இஞ்சையே அடக்கம் செய்தாச்சு.” கொஞ்சம் பொறுத்து, “இனி நீங்கள் எங்கடை ரோட்டாலை வரலாம்,” என்றார்.

அன்று மாலை போனேன். மோட்டார் சைக்கிளில்தான் போனேன். முன் அறையில் பாய் விரித்து ஆட்கள் இருந்தார்கள். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

“ஜீப் எங்கை?”

“கொண்டரேல்லை.”

வாசலில் இரண்டு கதிரைகள் போட்டு உட்கார்ந்தோம். அவர்தான் கதைத்தார்.

“ஒவ்வொரு பின்னேரமும் இதிலைதான் இருப்பா. ஜீப் ஒண்டு போனால் போதும். முன்பக்கத்தைப் பாக்கமாட்டா. போகவிட்டுப் பின்பக்கத்தைத்தான் பாப்பா. பாத்திட்டு, இல்லை எண்டு எனக்குத் தலையாட்டிக் காட்டுவா. கவலையாயில்லை, அண்ணை. ஏதோ வேலை செய்யிற மாதிரி. கடைசிக் கிழமை படுக்கையிலை கிடக்கேக்கையும், சத்தம் கேட்டால் என்னைப் போய்ப் பாக்கச் சொல்லுவா.”

“நீங்கள் என்ன சொல்லுவியள்?”

“பாத்திட்டு வந்து, இல்லையெண்டு சொல்லுவன்.”

தெருவால் ஒரு பிள்ளை சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனது. உள்ளே யாரோ ஓதத் தொடங்கினார்கள். நான் எழும்பியபோது அவரும் எழும்பினார்.

“நாளைக்கு அதைக் கொண்டுவாங்கோவன். மகளவையைக் கொஞ்சத் தூரம் ஏத்தி ஓடுங்கோ. அவையள் காணேல்லை.”

“என்னெண்டு சொல்லிக் காட்டப்போறியள்?”

“ஒரு பழைய ஜீப் எண்டு,” என்றார். “உம்மா இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் போட்டா. நான் வேறை என்னெண்டு சொல்லுறது?”

அடுத்த நாள் கொண்டுபோனேன். அந்தத் தெருவுக்குள் முதல் கியரில் போனேன். அவருடைய இரண்டு பெண்களும் பின்னால் ஏறினார்கள். இளவயதுப் பிள்ளைகள், ஒரு எட்டில் ஏறிவிட்டார்கள். என் மனைவி முன்னால் இருந்தாள். ஒருதரம் சுற்றிவந்து நிறுத்தியபோது, அவர் கடை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு, நாங்கள் போகும்போது நின்ற இடத்திலேயே நின்றார்.

“வாப்பா, நீங்களும் வாங்கோ,” என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள்.

“கடையிலை ஆளில்லை,” என்றார். கடைக்குள் அவருடைய மனைவி நின்றார். நான் வண்டியை எடுத்தேன்.